வண்டியில 'பிக்கப்' இல்லையா? டர்போவை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஏற்காடு மலைப்பாதை. ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சும் கார் ஏற மறுக்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் 'செக் என்ஜின்' விளக்கு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "டர்போ போச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். பல பத்தாயிரம் ரூபாய் செலவு!

கொஞ்சம் பொறுங்க. பூஸ்ட் அழுத்தம் குறைந்தாலே டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ரப்பர் ஹோஸில் விழுந்த ஒரு விரிசல்கூட இதே தொல்லையைத் தரும்.

டர்போ என்ன செய்கிறது?

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றவிடுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்கு அனுப்புகிறது. வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால், இன்டர்கூலரில் குளிர்ந்த பிறகே என்ஜினுக்குள் போகும். இந்தப் பாதையில் எங்கே கசிந்தாலும் 'பிக்கப்' போய்விடும். அழுத்தம் ரொம்பக் குறைந்தால், என்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். இதுதான் 'லிம்ப் மோடு'.

ஸ்கேனர் என்ன சொல்கிறது?

பெரும்பாலும் வரும் கோடு 'பி0299'. கேட்ட அளவுக்கு பூஸ்ட் வரவில்லை என்பது மட்டுமே இதன் பொருள். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. அதனால் 'லைவ் டேட்டா' பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு என்று அதில் தெரியும். நின்ற இடத்தில் பார்த்தால் போதாது. மேட்டில் ஏற்றி ஓட்டும்போது பார்க்கணும்.

சென்சாரையும் சோதிக்கலாம். சாவியை 'ஆன்' செய்து, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டணும். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல். ஊட்டியில் 80க்கும் கீழே. ரொம்ப மாறியிருந்தால் சென்சார் மேலேயே சந்தேகம்.

இன்னொரு குழப்பம்: ஸ்கேனர் காட்டுவது பெரும்பாலும் மொத்த அழுத்தம். சென்னையில் 200 என்று காட்டினால், அதில் 100 வெளிக்காற்றுடையது. மீதி 100தான் டர்போ தந்த பூஸ்ட்.

எந்த வரிசையில் பார்க்கணும்?

1. ஏர் ஃபில்டர்: தூசி அடைத்திருந்தால் டர்போவுக்கே காற்று போதாது. செலவும் குறைவு.

2. ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர்: மிதிக்கும்போது 'புஸ்' என்று சத்தம், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு, டீசல் வண்டியில் கரும்புகை... எல்லாமே கசிவின் அடையாளங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்க 'ஸ்மோக் டெஸ்ட்' இருக்கிறது.

3. ஆக்சுவேட்டர்: பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் பகுதி. வேக்யூமில் இயங்கும் வகை என்றால், அதன் மெல்லிய குழாய் வெடித்திருக்கலாம். சின்ன கைப்பம்ப் வைத்தே சோதிக்கலாம். சில டீசல் வண்டிகளில் டர்போவின் உள் இதழ்கள் கரி படிந்து இறுகிப்போகும். சுத்தம் செய்தாலே சரியாக வாய்ப்புண்டு.

4. புகை வெளியேறும் பாதை: டர்போவுக்கு முன்னால் புகை கசிந்தாலும், பின்னால் ஃபில்டர் அடைத்தாலும் சக்கரம் வேகமாகச் சுற்றாது.

5. கடைசியில்தான் டர்போ: இதழ் உடைந்திருக்கிறதா, தண்டு அளவுக்கு மீறி ஆடுகிறதா என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். சைரன் மாதிரி ஊளைச் சத்தமும் நீலப்புகையும் வந்தால் சந்தேகம் வலுக்கும்.

நிஜமாவே டர்போ போயிருந்தால்?

ஏன் போனது என்று கேளுங்கள். டர்போ தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. ஆயில் வரும் பைப் அடைத்திருப்பதைக் கவனிக்காமல் மாற்றினால், புது டர்போவும் சீக்கிரமே போய்விடும்.

அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். கசிவு இருந்தால், குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். நல்ல டர்போவும் அதனாலேயே கெட்டுப்போகலாம். நீலப்புகை வந்து ஆயிலும் வேகமாகக் குறைந்தால், உடனே ஓரம்கட்டி என்ஜினை அணையுங்கள். டீசல் என்ஜின், உள்ளே கசியும் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்த பிறகும் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு.

அடுத்த முறை "டர்போ போச்சு" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னென்ன டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்கண்ணா?" பதில் தெளிவாக வந்த பிறகு பணத்தை எடுங்கள்.