அப்பாவின் பழைய ஸ்பீக்கர்கள்

வரவேற்பறையில் கரகரத்துக்கொண்டிருந்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களைக் குப்பையில் போடலாம் என்று சொன்னது நான்தான். "முதல் சம்பளத்தில் சிம் லிம் டவரில் வாங்கியது," என்றார் அப்பா. வேறெதுவும் பேசவில்லை.

அப்போது என்னிடம் சொந்த ஸ்பீக்கர் இருந்தது. உயர்நிலை இரண்டில் வாங்கிய முதல் புளூடூத் ஸ்பீக்கரின் பேட்டரி ஒன்றரை ஆண்டில் உப்பிப்போனது. அடுத்து வாங்கியதில் பேஸ் அதிகம். பாடகரின் குரல் அதில் அமுங்கிவிடும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கத் தொடங்கியபின் அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கூம்பு நன்றாகவே இருந்தது. அதன் விளிம்பிலுள்ள நுரைவளையம்தான் பொடியாக உதிர்ந்திருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் இது வழக்கமான கோளாறு. புதிய வளையம் வாங்கி, பழைய பசையைச் சுரண்டி, நடுவிலுள்ள கம்பிச்சுருள் காந்தத்தில் உரசாதபடி ஒட்டினேன்.

பிறகு பெட்டிகளைச் சுவர் மூலையிலிருந்து முன்னே நகர்த்தினேன். மூலை தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக்காட்டும். அதனால்தான் இத்தனை நாளும் பாட்டு குழம்பிக் கேட்டது. இப்போது கண்ணை மூடினால் வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம், பாடகர் நடுவில். ஒற்றைப் புளூடூத் பெட்டியில் இதை நான் கேட்டதே இல்லை.

1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வாகனங்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரை ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். நல்ல ஸ்பீக்கருக்கு வயது ஒரு குறையல்ல.

அன்றிரவு அப்பா தொடர்ந்து மூன்று பாடல்கள் கேட்டார். நான்காவதை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால், வீசுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.