தூக்குக் கைதியின் 300 பக்கங்கள்

1994 மே மாதம் 'நக்கீரன்' இதழில் ஓர் அறிவிப்பு வெளியானது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதை விரைவில் தொடராக வரப்போகிறது என்றது அது. கொலைச் செய்திகளுக்குப் பழகிப்போன வாசகர்களையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் அறிவிப்பு. சங்கர் அப்போது தூக்குக் கைதி. 1991 மே 31-ல் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை 1992 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. 1994 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டது. மிச்சம் இருந்தது குடியரசுத் தலைவருக்குப் போட்ட கருணை மனு மட்டும்.

திருவான்மியூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் சங்கர். சாராயம் கடத்துவதில் தொடங்கி, விபச்சாரத் தொழிலுக்குள் புகுந்து, எண்பதுகளின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்தையே கைக்குள் வைத்திருந்தார். ஆறு பேரைக் கொன்றதாக வழக்கு. சில உடல்கள் வீட்டுக்குள்ளேயே புதைக்கப்பட்டு, மேலே பூசி மறைக்கப்பட்டிருந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 1990 ஆகஸ்டில் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பியவர், ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார்.

இவையெல்லாம் நாளிதழ்களில் ஏற்கெனவே பக்கம் பக்கமாக வந்தவைதான். யார் தயவில் ஓர் ஆட்டோக்காரர் இத்தனை தூரம் வளர்ந்தார் என்ற கேள்விக்குத்தான் விடை வரவில்லை. அந்த விடை தங்களிடம் இருப்பதாகப் பத்திரிகை சொன்னது.

1991-ல் செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது சங்கர் சுமார் 300 பக்கங்களில் தன் கதையை எழுதினார். சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே அதைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அது வழக்கறிஞர் வழியாகப் பத்திரிகைக்கு வந்தது என்பது 'நக்கீரன்' தரப்பு வாதம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருடன் அவருக்கு இருந்த நெருக்கம் அதில் எழுதப்பட்டிருப்பதாகவும், அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அதிகாரிகள் வந்திருந்ததற்கு வீடியோவும் புகைப்படங்களும் சாட்சி என்றும் அத்தரப்பு சொன்னது. அறிவிப்பைப் பார்த்து அதிகாரிகள் ஆடிப்போனார்கள், சங்கரை அடித்து உதைத்து மறுப்புக் கடிதம் எழுதவைத்தார்கள் என்பதும் அவர்கள் குற்றச்சாட்டு.

ஜூன் 15-ஆம் தேதி சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து ஆசிரியர் ராஜகோபாலுக்குக் கடிதம் வந்தது. கைதி அப்படி எதையும் எழுதவில்லை, அவர் பெயரில் வெளியிடுவது சிறை விதிகளுக்கு முரண், மீறினால் சட்ட நடவடிக்கை என்றது கடிதம். ஆசிரியர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கு, கொலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தியாவில் என்ன உரிமை உண்டு, எது எல்லை என்பதை முதன்முறையாகத் தெளிவாக வரையறுத்தது.

தீர்ப்புக்குள் போவதற்கு முன், தமிழ்நாட்டில் கொலையைப் பற்றிய எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். செய்தித்தாள் வீடுதோறும் வராத காலத்தில் கொலைச் செய்தி பாட்டாகத்தான் ஊருக்குள் வந்தது. எங்காவது பரபரப்பான கொலை நடந்தால் சில நாட்களில் 'கொலைச் சிந்து' அச்சாகிவிடும். மலிவுத் தாளில் சில பக்கங்கள், சில்லறைக் காசு விலை. விற்பவரே சந்தையிலும் ரயிலிலும் பாடிக் காட்டுவார். சென்னையின் குஜிலி பஜார் கடைகளிலிருந்து புறப்பட்ட இத்தகைய வெளியீடுகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். படித்தவர்கள் முகம் சுளித்த எழுத்து அது. ஆனாலும் எழுத்தறியாதவர்களிடமும் நாட்டு நடப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1942-ல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி', பேச்சு நடைக்கு நெருங்கிய எளிய மொழியில் குற்றச் செய்திகளுக்குப் பெரிய இடம் கொடுத்தபோது, கேட்கக் காத்திருந்த கூட்டம் ஏற்கெனவே இருந்தது.

அந்தக் கூட்டத்தின் பசிக்குத் தீனியாக வந்தது 1952-இன் ஆளவந்தார் கொலை வழக்கு. சென்னையிலிருந்து தனுஷ்கோடி போகும் ரயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. தலை கிடைத்தது ராயபுரம் கடற்கரையில். உடற்கூற்று அறிவியல் என்றால் என்ன என்று சாதாரண மக்களும் பேசத் தொடங்கியது அந்த வழக்கில்தான் எனலாம். அந்தக் கொலைக்காகக் கைதான தம்பதிக்கு 1953-ல் தண்டனை விதித்த நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர், எழுத்தாளராகவும் அறியப்பட்டவர்.

இதற்கெல்லாம் முன்பே, குற்ற எழுத்தின் இருண்ட பக்கத்தைச் சென்னை பார்த்திருந்தது. லட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது' நடிகர் நடிகையரின் படுக்கையறை வரை போய் எழுதியது. புகார் போனது, ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு பத்திரிகையின் உரிமத்தை ரத்துசெய்தது. அவர் 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ல் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் விடுதலை. 'ஹரிதாஸ்' படம் அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தபோது சிறைக்குப் போன பாகவதரின் திரை வாழ்வு அதன்பிறகு எழவேயில்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பதும் இன்றுவரை முடிவாகவில்லை.

லட்சுமிகாந்தன் எழுதியதை நியாயப்படுத்த முடியாது. எதிர்த்துப் பேச வழியற்றவர்களின் அந்தரங்கத்தைக் காசாக்கிய எழுத்து அது. அதற்கு விடை உரிம ரத்தும் இல்லை, கத்தியும் இல்லை. அந்தரங்கம் காயப்பட்டவர் எங்கே போய் முறையிடுவது, எந்த அளவுகோலில் வழக்கை எடைபோடுவது என்று சொல்லும் சட்டம் அன்று தெளிவாக இல்லை. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, வேறொரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில் அந்தத் தெளிவு வந்தது.

1994 அக்டோபர் 7. நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டியும் எஸ். சி. சென்னும் தீர்ப்பளித்தார்கள். சங்கரோ அவர் மனைவியோ வழக்கறிஞரோ வழக்கில் சேர்க்கப்படாததால், அந்த 300 பக்கங்களை அவர்தான் எழுதினாரா என்ற கேள்விக்குள் அவர்கள் போகவில்லை. அவர் எழுதவும் இல்லை, வெளியிட ஒப்புக்கொள்ளவும் இல்லை என்றே வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்கு மிகப் பாதகமான அந்த நிலையிலிருந்து தொடங்கியும், வெளியிடலாம் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

எப்படி? ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் முதலில் சொன்னது. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி ஒருவரின் சம்மதமின்றி எழுதக் கூடாது. அது உண்மையாக இருந்தாலும், பாராட்டாகவே இருந்தாலும் சரி. அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள்ளேயே இது அடக்கம். தூக்குக் கைதிக்கும் இந்த உரிமை உண்டு.

ஆனால் ஒரு செய்தி பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நீதிமன்றப் பதிவுகளும் பொது ஆவணங்களே. சாட்சிக் கூண்டில் சொல்லப்பட்டதையும் தீர்ப்பில் எழுதப்பட்டதையும் பத்திரிகை யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுதலாம், அலசலாம். ஆகவே சங்கரின் கதையில் பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிட அவர் சம்மதமே தேவையில்லை. அதைத் தாண்டிப் போனால் விளைவுக்குப் பத்திரிகையே பொறுப்பு.

தீர்ப்பின் முதுகெலும்பு அதிகாரிகளைப் பற்றிய பகுதி. தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, ஓர் எழுத்து வெளிவருவதற்கு முன்பே அதைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை என்றது நீதிமன்றம். வெளியானபின் வழக்குப் போடலாம். அப்போதும், அவர்களின் அலுவல் சார்ந்த செயலைப் பற்றிய எழுத்து என்றால், அது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்றும் நிறுவ வேண்டும். எழுதியவர் நியாயமான அளவுக்கு விசாரித்திருந்தாலே போதும். அரசாங்கமோ உள்ளாட்சி அமைப்போ தனக்கு அவதூறு என்று நட்டஈடு கேட்டு வரவும் முடியாது. கொலைகாரனோடு கைகோத்த அதிகாரியைப் பற்றி எழுதத் துணியும் எந்தச் சிற்றூர் நிருபருக்கும் இன்றுவரை கேடயம் இந்த வரிகள்தான்.

பொது ஆவண விதிக்கு ஒரு விலக்கும் வைத்தார்கள். பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ உள்ளான பெண்ணின் பெயர், நீதிமன்றப் பதிவில் இருந்தாலும் வெளியே வரக் கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-ல் சேர்க்கப்பட்ட 228-ஏ பிரிவு, பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. அந்தப் பெண் இறந்துவிட்டாலும் பெயர் காக்கப்பட வேண்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேலும் இறுக்கியது. ஒவ்வொரு கொடூரத்துக்குப் பின்பும் இறந்த பெண்ணின் படம் கைபேசிகளில் சுற்றுவதைப் பார்க்கையில், இதைப் பத்திரிகைக்காரர்கள் மட்டுமன்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வழக்கு முடிந்தபின் எழுதுவது ஒன்று, நடக்கும்போது எழுதுவது வேறொன்று. கொல்கத்தாவில் ஓர் இளம் மனைவியின் மரணம் பற்றிய வழக்கு நிலுவையில் இருந்தபோதே, பெண் வீட்டார் சொன்னதை மட்டும் வைத்து ஒரு பத்திரிகை கட்டுரை போட்டது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை வன்மையாகக் கண்டித்தது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலத்தை முடிந்த முடிவாக அச்சிடும் வழக்கம் நம்மிடமும் வேரோடியிருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. இருந்தும் மறுநாள் காலைச் செய்தியில் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று அதுவே தலைப்பாகிறது. பல ஆண்டு கழித்து அந்த ஆள் விடுதலையானால், செய்தி உள்பக்கத்தில் நான்கு வரி.

கொலையாளியின் சொந்தக் கதையிலும் இதே ஆபத்து உண்டு. தூக்கு மேடையை எதிர்நோக்கியிருப்பவருக்குப் பழியைப் பங்குபோட எல்லாக் காரணமும் இருக்கும். அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்பதற்கில்லை. ஒவ்வொரு வரியையும் வெளியிலிருந்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். புதுமனைப் புகுவிழா வீடியோ முக்கியமாவது இங்கேதான். சங்கரின் சொல்லை நம்பாதவர்களும் அந்தப் படச்சுருளைப் பார்க்கலாம்.

1995 ஏப்ரல் 27-ல் சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, 1994 தீர்ப்பையும் எடுத்தாண்டார்கள். வழக்கறிஞர்கள் இன்றும் அதை 'ஆட்டோ சங்கர் வழக்கு' என்றுதான் சொல்கிறார்கள். அவர் கதை 2019-ல் வெப் சீரிஸாகவும் வந்துவிட்டது.

கொல்லப்பட்ட ஆறு பேர் யார், எங்கே வேலை பார்த்தார்கள், அவர்களைத் தேடி வீட்டார் எந்தெந்தக் கதவைத் தட்டினார்கள் என்று கேட்டால், தொடர்களை விடாமல் படித்தவர்களிலும் பலரால் சொல்ல முடியாது. இதற்குக் காரணம் ஆவணம் இல்லாதது இல்லை. பெரும்பாலான கொலை வழக்குகளில் இறந்தவரின் தாயோ தம்பியோ சாட்சியாக ஏறியிருப்பார்கள். கடைசியாக எப்போது பார்த்தார்கள், என்ன உடுத்தியிருந்தார், எந்தப் பொருளை வைத்து அடையாளம் காட்டினார்கள் என்பதெல்லாம் தேதியோடு தட்டச்சாகி இருக்கும். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இன்று யாரும் இணையத்திலேயே படிக்கலாம். 1994-இன் தீர்ப்பு தந்த உரிமை கொலையாளியின் 300 பக்கங்களுக்கு மட்டுமானதன்று. அந்தச் சாட்சியங்களை எழுதவும் அதே உரிமைதான். அங்கிருந்து தொடங்கும் கொலைத் தொடர்கள் தமிழில் இன்னும் மிகக் குறைவு.