பாலைவனப் பாடகர்களின் மிராசு

‘மிராசு’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தஞ்சைத் தரணியின் நன்செய் நிலங்களும், அவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்த மிராசுதாரர்களும் நினைவுக்கு வருவார்கள். இச்சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. முன்னோர் விட்டுச் சென்று பின்னோர் பெற்றுக்கொள்ளும் உடைமைக்கு அரபியில் ‘மீராஸ்’ என்று பெயர். வாரிசு என்பதும் அதே வேரில் கிளைத்ததே. பாரசீகத்தின் வழியாக வருவாய்த்துறை ஆவணங்களுள் நுழைந்த இச்சொல், தமிழ்நாட்டில் நிலத்தைக் குறித்தது. வட இந்தியாவிலோ அது வேறொன்றைக் குறித்தது. பரம்பரையாகப் பாடிவரும் முஸ்லிம் குடும்பத்தினரை அங்கு ‘மிராஸி’ என்று அழைத்தனர். இங்கே மிராசு நிலமாக இருந்தது. அங்கே அது பாட்டாக இருந்தது.

ராஜஸ்தானத்தின் மேற்கு எல்லையில், தார்ப் பாலைவனத்தைச் சேர்ந்த ஜைசல்மேர், பார்மேர் மாவட்டங்களில் வாழும் மாங்கணியார் சமூகத்தாரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். ‘மாங்கணியார்’ என்பது இரத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயர். ஆகவே, அவர்களுள் ஒரு சாரார் அதனை விரும்பாமல், தம்மை மிராஸிகள் என்றே கூறிக்கொள்கின்றனர். இரப்பவர் என்பதற்கும் வாரிசு என்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. அந்த நாட்டுப்புற இசையை இன்றைய ஒலிகளோடு கலக்கும் முயற்சிகள் பெருகியுள்ள இக்காலத்தில், இவ்விரு பெயர்களுள் எது அவர்களுக்கு நிலைக்கப்போகிறது என்பதே நம் கேள்வி.

இவர்கள் முஸ்லிம்கள். ஆனால் இவர்களை ஆதரித்து வந்த ‘ஜஜ்மான்’ எனப்படும் புரவலர் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்து ராஜபுத்திரக் குடும்பங்கள். புரவலர் வீட்டில் பிள்ளை பிறந்தால் பாட வேண்டும். திருமணம் என்றால் பாட வேண்டும். அக்குடும்பத்தின் வம்சாவளியை மனத்தில் வைத்திருந்து அவையில் சொல்லவும் வேண்டும். புரவலரைப் போற்றி ஓதும் அப்பகுதிக்குச் ‘சுப்ராஜ்’ என்று பெயர். இதற்கு ஈடாகத் தானியமும் கால்நடையும் துணியும் பணமும் பெறுவர். இந்தப் பாடகர்களின் நாவில் ஷாஹ் அப்துல் லத்தீஃப், புல்லே ஷாஹ் ஆகியோரின் ஞானப் பாடல்களும் உண்டு. மீராவின் பாடல்களும் கண்ணனைப் பற்றிய பாடல்களும் உண்டு. இவர்களைப் போன்றே லங்கா எனப்படும் மற்றொரு முஸ்லிம் பாடகர் சமூகமும் அங்குள்ளது. அவர்களுடைய புரவலர்கள் சிந்தி சிப்பாஹி முஸ்லிம்கள்.

இந்தப் புரவலர் முறையைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் எழுத்துகளை நாம் நிறையப் படித்துவிட்டோம். 2017 ஆம் ஆண்டு நவராத்திரியின்போது ஜைசல்மேர் மாவட்டத்துத் தாந்தல் கிராமத்தில், வேண்டிய ராகத்தைச் சரியாகப் பாடவில்லை என்று குற்றஞ்சாட்டி ஒரு மாங்கணியார் பாடகர் அடித்துக் கொல்லப்பட்டதும், அச்சமூகத்துக் குடும்பங்கள் ஊரை விட்டே வெளியேறியதும் அந்தப் பொற்காலத்தின் மறுபக்கம். புரவலரின் நிழல் குளிர்ந்ததுதான்; ஆனால் அது அவர் விரும்பும் வரை மட்டுமே விழும் நிழல். எனவே நகரத்திலிருந்து ஒலிப்பதிவாளர் ஒருவர் வந்து அழைத்தபோது இப்பாடகர்கள் அவருடன் புறப்பட்டுச் சென்றதை யாரும் குறைகூற இயலாது.

அவ்வழைப்பு முதன்முதலில் நல்ல இடத்திலிருந்தே வந்தது. கோமல் கோத்தாரி (1929–2004) என்னும் ஆய்வாளர், எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடன் இணைந்து 1960 இல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று பாடல்களைப் பதிவு செய்தார். பாடகர்களை அரங்குகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அழைத்துச் சென்றார். ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த கமைச்சா வாத்தியக் கலைஞர் சாக்கர் கான், மறைவதற்கு ஓராண்டு முன்னர் 2012 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார் என்றால், அதற்கான வழி அக்காலத்தில் திறக்கப்பட்டதே ஆகும்.

இசைக் கலப்பு என்பது புதிதாக முளைத்ததொன்றன்று. ஐரோப்பாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்நியக் கருவி என்று விலக்கி வைத்திருந்தது. இன்று அது இல்லாத கவ்வாலி அவையை நம்மால் கற்பனை செய்யவும் முடியவில்லை. மாங்கணியார்களிடையேயும் கமைச்சாவின் இடத்தை ஆர்மோனியம் பெருமளவில் பிடித்துக்கொண்டது. ஆகவே ‘தூய மரபு கெட்டது’ என்னும் புலம்பலில் நமக்கு நம்பிக்கையில்லை. எது கலக்கிறது என்பதைவிட, கலக்கும்போது எது கழிகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

கமைச்சா என்பது மாமரக் கட்டையைக் குடைந்து, அகன்ற வட்ட வயிற்றில் ஆட்டுத்தோல் போர்த்தி, வில்லால் இழுத்து வாசிக்கப்படும் கருவி. விலங்கின் குடலில் செய்த முதன்மை நரம்புகளோடு, தாமாக அதிர்ந்து துணை ஒலி எழுப்பும் எஃகுக் கம்பிகளும் அதில் இருக்கும். பாடகர் தம் குரலுக்கு உகந்த இடத்தில் ஆதார ஸ்ருதியை வைத்துக்கொள்வார். எஃகுக் கம்பிகள் அந்தந்த ராகத்துக்கேற்ப முறுக்கப்படும். பாட்டு உடனே தாளத்தில் இறங்காது. ‘தூஹா’ எனப்படும் ஈரடிப் பாடல்களைத் தாளமின்றி நீட்டிப் பாடுவார். அவை அமைதியடைந்த பின்னரே டோலக் சேரும். கர்த்தால் என்னும் மரச் சிப்ளாக் கட்டைகள் சேரும். வேகம் சிறிது சிறிதாக ஏறும். எங்கே ஏற வேண்டும் என்பதை எதிரில் அமர்ந்திருப்பவரின் முகம் சொல்லும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்வது வேறு. அங்கே ஸ்ருதி, விசைப்பலகைக் கருவியின் ஸ்ருதிக்கு இசைவாக முன்கூட்டியே நிலைநிறுத்தப்படுகிறது. காதில் மாட்டிய கருவியில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மாறாத தாள ஓசையை ஒட்டியே பாட வேண்டும். வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஊர்களில் பதிவாகும் கிதாரையும் டிரம்ஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேறு வழியில்லை. ஆகவே வேகம் ஏறுவதில்லை; ஏறியது போன்ற தோற்றத்தைக் கூடுதல் கருவிகள் உண்டாக்குகின்றன. ஒரே ஆதார சுரத்தின் மீது நிற்கும் ராகத்தின் அடியில் மாறிக்கொண்டேயிருக்கும் மேலைநாட்டு சுரக் கோவைகளை வைக்கும்போது, துணைக் கம்பிகளின் அதிர்வு அவற்றோடு மோதும். அம்மோதலைத் தவிர்க்கக் கமைச்சாவின் ஒலியைத் தாழ்த்திவிடுவது எளிய வழி. நான்கு நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டுமாதலால் தூஹா சுருங்குகிறது. புரவலரின் குலத்தைச் சொல்லும் சுப்ராஜுக்கு அங்கே வேலையே இல்லை.

நல்ல கைகளும் உண்டு. மாமே கான், அமித் திரிவேதியுடன் 2012 இல் கோக் ஸ்டூடியோ நிகழ்ச்சியில் பாடிய ‘சௌதரி’ அவர் பெயரை நாடறியச் செய்தது. 2022 இல் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்தில் நடக்கும் அளவுக்கு அவர் உயர்ந்தார். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் ஷாய் பென் ஸூர், ஜானி கிரீன்வுட் ஆகியோர் ராஜஸ்தானத்துக் கலைஞர்களோடு இருந்து பதிவு செய்து 2015 இல் வெளியிட்ட ‘ஜுனூன்’ தொகுப்பில் பாடகர்கள் கூடத்துக்கு அழைக்கப்படவில்லை. கூடம் பாடகர்களிடம் சென்றது. இவற்றைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் ‘நிம்பூடா’வின் கதை வேறு. பாலைவனப் பாடகர்கள் காலங்காலமாகப் பாடிவந்த அப்பாட்டு, 1999 இல் வெளியான ‘ஹம் தில் தே சுகே சனம்’ திரைப்படத்தின் பாட்டாகவே கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இத்தகைய பாட்டுகளைப் பொறுத்தவரை நம் சட்டம் பெரிதும் மௌனமாக இருக்கிறது. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஆக்கியோன் இன்னார் என்று தெரிந்த படைப்பையே பெரிதும் காக்கிறது. நாட்டுப்புற வழக்குக்கென அதில் தனிப் பிரிவு இல்லை. நிகழ்த்துவோர்க்கான உரிமை 1994 திருத்தத்தில் அறிமுகமானது; வணிகப் பயன்பாட்டில் பங்குபெறும் உரிமையும் தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்னும் உரிமையும் 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. அவை பாடியவருக்குரியவை, பாட்டைக் காத்து வைத்திருந்த குடும்பங்களுக்குரியவை அல்ல. உறையில் ‘மரபுப் பாடல்’ என்று ஒரு சொல் அச்சிட்டுவிட்டால் கடன் தீர்ந்துவிடுகிறது.

‘மரபுப் பாடல்’ என்றால் உடைமையாளர் இல்லாத பாடல் என்றா பொருள்? ஃபிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் நுட்பமான பாகுபாடு செய்கின்றன. தண்ணீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்னும் நபிமொழி பிரபலமானது. இவை பொதுப் பொருட்கள். வழியில் கிடந்த பணப்பை அப்படியன்று, அது ‘லுகதா’. உரியவர் யாரெனத் தெரியாது என்பதால் அது எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. அதன் அடையாளத்தை மனத்தில் இருத்தி ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும். அதன் பின்னர் அதனைப் பயன்படுத்திக்கொண்டாலும், உரியவர் வந்து நின்றால் ஈடு தந்தே ஆக வேண்டும். மீராஸோ இவ்விரண்டிலும் சேராது. அதில் வாரிசுகள் பலர், ஒவ்வொருவருக்கும் பங்குண்டு, ஒருவர் தம் பங்கைக் கொடுக்கலாமேயன்றிப் பிறர் பங்கை விற்க முடியாது. பாலைவனத்துப் பாட்டை இசைத்தொழில் புல்லைப் போல மேய்ந்திருக்கிறது. நேர்மையான சிலர் அதனை லுகதாவாகக் கருதி உரியவரைத் தேடியிருக்கின்றனர். அது மிராசு என்று கொண்டு நடந்தவர் மிகச் சிலரே. ஒரு பாடகரிடம் கையொப்பம் பெற்றுவிட்டால் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்களின் பங்கு என்னவாகும் என்னும் கேள்வி ஒப்பந்தப் பத்திரங்களில் எழுவதில்லை. அதற்கு எளிய விடை நம்மிடமும் இல்லை. அந்தக் குடும்பங்களே புல்லே ஷாஹ்விடமிருந்தும் மீராவிடமிருந்தும் பெற்றவையும் அதில் கலந்திருக்கின்றன அல்லவா?

இசைக்கருவிகளே ஆகாதவை என்றிருக்கும்போது அவற்றின் உரிமை பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகருள் சிலர் கேட்கக்கூடும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சமாஉ பற்றி விரிவாக எழுதி நிபந்தனைகளோடு இடமளித்ததையும், இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் அதனைக் கடுமையாக மறுத்ததையும் நாம் அறிவோம். அவ்விவாதத்தை இங்கே தீர்க்கப் புகவில்லை. ஆயினும் அரபுக் கல்லூரிகளில் ஹிதாயாவின் அபகரிப்புப் பாடத்தை நடத்தும்போது ஒரு சட்டம் வரும். ஒருவரின் இசைக்கருவியை மற்றொருவர் உடைத்துவிட்டால், உடைத்தவர் ஈடு தர வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இருவரின் கருத்து. இமாம் அவர்களோ, இசைக்கும் பயன்பாட்டை நீக்கி மிஞ்சும் மதிப்புக்கு ஈடு தர வேண்டும் என்கிறார்கள். ஒரு செயலைப் பற்றிய தீர்ப்பு, அதனைச் செய்பவரின் உடைமையை அழித்துவிடாது என்பதை அப்பேரறிஞர் கண்டிருக்கிறார்கள். பாடகரின் உழைப்பும் பெயரும் இதனுள் அடங்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இக்கேள்வி நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அலை தாக்கிய நாடுகளின் கரையோர மக்களிடையே சென்று அவர்களின் இசையைப் பதிவு செய்து, சென்னையைச் சேர்ந்த எர்த்சிங்க் நிறுவனம் 2007 இல் ‘லயா புராஜெக்ட்’ என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டது. நாகூர் தர்காவின் பாடகர்களும் அதில் இடம்பெற்றனர். பின்னர் 2009 இல், அவர்களின் பாடல்களை நவீன ஒலிகளோடு இணைத்து ‘நாகூர் செஷன்ஸ்’ என்னும் தொகுப்பும் வந்தது. அதில் அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சாபீர் என்று பாடிய மூவரின் பெயர்களும் முன்னிறுத்தப்பட்டுள்ளன. அயல்நாட்டு இசை ஆர்வலர் ஒருவர் இப்பெயர்களைக் கேட்டு அத்தொகுப்பைத் தேடுகிறார். நம் ஊர்த் திருமண மண்டபங்களில் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்துப் பழைய இஸ்லாமியப் பாடல்களை ஒலிக்கவிடும் இளைஞர்களிடம் பாடியவர் யார் என்று கேட்டுப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் எந்தச் செயலியிலிருந்து எடுத்தோம் என்பதையே விடையாகச் சொல்கிறார்கள்.