பாலையில் உறங்கும் நுணல்

மணலுக்கு அடியில் மறைந்திருந்தும் தன் குரலாலேயே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துக் கேட்டினைத் தேடிக்கொள்ளும் உயிராக நுணலைப் பழமொழி நானூறு காட்டுகிறது. நாவடக்கம் இல்லாதார்க்கு இதனை நாம் எடுத்துக்காட்டாகச் சொல்லிவருகிறோம். ஆயின், அப்பழமொழியுள் அடங்கியுள்ள இயற்கை உண்மையை வகுப்பறையில் பெரும்பாலும் சுட்டுவதில்லை. நீர்வாழ் உயிராக நாம் எண்ணும் தவளை மணலுக்குள் ஏன் கிடக்கிறது? முன்றுறை அரையனார் பதிவு செய்த இச்செய்தியை நம் வட்டாரத்து மண்ணோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நிலமும் பாலையே

தமிழ் மரபில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இவ்விளக்கம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களுக்கு முற்றிலும் பொருந்தும். சித்திரை, வைகாசித் திங்கள்களில் ஏரிகள் வறண்டு தரை வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே ஏரிகள் நிரம்பி வழியும். 2024 நவம்பர் இறுதியில் வீசிய ஃபெங்கல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆண்டின் ஒரு பகுதி பாலையாகவும் மறுபகுதி வெள்ளக்காடாகவும் விளங்கும் நிலத்தில் வாழத் தவளைக்குத் தனித்திறன் வேண்டும்.

மண்ணுக்குள் ஒரு வீடு

தவளையின் தோல் மெல்லியது. அதன் வழியே அது சுவாசிக்கிறது. அதன் வழியே நீரையும் இழக்கிறது. கடும் வெயிலில் வெளியே நின்றால் உலர்ந்து மடிய வேண்டியதுதான். எனவே வறண்ட நிலத்துத் தவளைகள் நிலத்தடியில் புகுகின்றன. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வாழும் ஒருவகைத் தவளை சிறுநீர்ப்பையில் நீரைத் தேக்கி, உரிந்த தோலையே உறையாகப் போர்த்து மண்ணுள் உறங்குகிறது. அந்நாட்டுத் தொல்குடியினர் வறட்சியில் அதனைத் தோண்டியெடுத்து, அது தேக்கிய நீரை அருந்தினர்.

நம் ஊர்களிலும் இத்தகைய தவளைகள் உண்டு. ஸ்ஃபேரோதீகா பிரெவிசெப்ஸ் என்னும் வளைதோண்டித் தவளையின் பின்காலில் மண்வெட்டி போன்ற கடினமான முனைப்பு உள்ளது. அதனால் மண்ணைத் தள்ளிக்கொண்டு பின்புறமாகவே அது தரைக்குள் இறங்கும். யூபெரோடான் சிஸ்டோமா என்பது உருண்டை வடிவினது. கறையானையும் எறும்பையும் தின்று மண்ணுக்குள் வாழ்வது. பழமொழி நானூறு கண்ட நுணலின் இயல்பு இவ்விரண்டிற்கும் பொருந்தும்.

குட்டையில் மற்றொரு வீடு

முதற்பெருமழை பெய்தவுடன் இவை மேலெழுகின்றன. ஆண் தவளைகள் குரலெழுப்பித் துணையை அழைக்கின்றன. பழமொழி கேடாகக் கண்ட அக்குரலே அவற்றின் குலம் தழைப்பதற்கு வழியாகும். முட்டையிட இவை நாடுவது ஆழமான ஏரியை அன்று. வயலோரப் பள்ளங்களிலும் சிறு குட்டைகளிலும் தேங்கும் மழைநீரையே. சில வாரங்களில் வற்றிவிடும் நீரில் மீன்கள் நிலைப்பதில்லை. ஆதலால் தலைப்பிரட்டைகளுக்கு அங்கே பகை குறைவு. ஆனால் நீர் வற்றுமுன் அவை தவளையாகிவிட வேண்டும். வட அமெரிக்கப் பாலைவனத்தின் ஒருவகைத் தேரை பத்தே நாள்களுக்குள் இம்மாற்றத்தை முடித்துவிடுகிறது.

ஆக, இவ்வுயிர்களுக்கு இரண்டு வீடுகள் தேவை: வேனிலில் ஒளிய இளகிய மண், மழையில் பெருக ஆழமில்லாக் குட்டை. இரண்டில் ஒன்று அழியினும் மற்றொன்றால் பயனில்லை.

காத்தனவும் காவாதனவும்

தவளையைக் காக்க நம் நாடு முயலவில்லை என்று சொல்வதற்கில்லை. ஏற்றுமதிக்காகத் தவளைக்கால்கள் பெருமளவில் வெட்டப்பட்டு வந்த வணிகம் 1987-இல் தடை செய்யப்பட்டது. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் விலங்குகளை அறுத்துப் பயிலும் முறைக்குப் பல்கலைக்கழக மானியக்குழு 2014-இல் முற்றுப்புள்ளி வைத்தது. மருந்துக்காகவும் தவளையைக் கொல்லலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரைத் தடுத்ததாக அபூதாவூத் தொகுப்பில் வரும் நபிமொழியும் ஈண்டு நினைக்கத்தக்கது. நம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த கழுவெளிச் சதுப்புநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இவையெல்லாம் உயிரையும் பெருநீர்நிலையையும் காத்தன. வயலோரப் பள்ளத்தைக் காப்பார் யார்? அதனை நாம் பயனற்ற இடம் என்கிறோம். மண்கொட்டி நிரவி மனைகளாக்குகிறோம். முற்றங்களைச் சிமெண்டால் மூடுகிறோம். நல்லெண்ணத்தோடு குட்டையை ஆழப்படுத்தி மீன் விடுவதும் சிலவேளை தலைப்பிரட்டைகளுக்குக் கூற்றாகிறது. மழையிரவில் நெடுஞ்சாலையைக் கடக்கும் தவளைகள் சக்கரங்களில் நசுங்கிக் கிடப்பதை விடியலில் நாம் கண்டிருக்கிறோம்.

மேற்சொன்ன இரு தவளைகளும் இன்று அருகிவரும் இனங்களின் பட்டியலில் இல்லை. எனினும் உலகின் இருவாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு அழிவை எதிர்நோக்குவதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. மிகுந்திருக்கும்போதே காப்பது எளிது. அருகிய பின் காப்பது அரிது. பயிருக்குப் பகையான பூச்சிகளைத் தின்று உழவர்க்கு ஊதியமின்றி உழைக்கும் உயிரை இழப்பது அறிவுடைமையாகாது.

மாணவர்களே! நம் வளாகத்திலும் உங்கள் ஊரிலும் மழைநீர் தேங்கும் பள்ளம் ஒன்றையேனும் நிரவாமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். முதல்மழை இரவில் அங்கே எழும் குரல்களைக் கேட்டு நாளும் இடமும் குறித்துவையுங்கள். ஊர்ப் பெரியோர்களே! பள்ளங்களை நிரவுமுன் ஒரு மழைக்காலம் அவற்றைப் பார்த்திருங்கள்.

நுணல் தன் வாயால் கெட்டது பழமொழிக் காலம். அது நம் கையால் கெட்டது என்று பின்வருவோர் புதுமொழி படைக்க நாம் இடந்தரலாகாது.