செக்கு நல்லெண்ணெயும் ஆய்வகச் சீட்டும்

போன மாசியில் சென்னைக்கு அனுப்பிய நல்லெண்ணெய் 20 லிட்டர் திரும்பி வந்துவிட்டது. “தொண்டை காறுது சார், பாமாயில் கலந்திருக்கு” என்றார் கடைக்காரர். புதூர்க் கரிசலில் மானாவாரியாக விளைந்த எள், நானே கூட நின்று ஆட்டியது. சத்தியம் பண்ணி என்ன பயன்? ஆய்வகத்தில் கொடுத்தேன்.

பழைய முறை அயோடின் மதிப்பு. நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்ற கணக்கு. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. பாமாயிலில் பிரித்த பாமோலினுக்கு 60ஐ ஒட்டி. ஆனால் இது மொத்த இருப்பை மட்டும் பார்க்கிற வேலை. பேங்கில் எத்தனை தில்லுமுல்லு அப்படி ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்! பாமோலின் ஒரு பங்கு, 130ஐ ஒட்டிய சூரியகாந்தி மூன்று பங்கு கலந்தால் 112 வந்துவிடும். ஒரு சொட்டு எள் வேண்டாம்.

லெட்ஜரைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது கேஸ் குரோமடோகிராஃபி. கொழுப்பு அமிலங்களை இப்படிப் பிரிக்கலாம் என்று 1952-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸும் மார்ட்டினும் காட்டினார்கள். எண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, ஆவியாகக்கூடிய மெத்தில் எஸ்டர்களாக மாற்றுகிறார்கள். அடுப்புக்குள் பல மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கிறது; உள்சுவரில் ஒரு பூச்சு. ஹீலியமோ நைட்ரஜனோ தள்ளிக்கொண்டு போக, எஸ்டர்கள் அந்தப் பூச்சில் ஒட்டி, விலகி, ஒட்டி நகர்கின்றன. முதலில் பால்மிட்டிக், பின்னால் ஸ்டியரிக், ஒலியிக், லினோலியிக். கடைசியில் சின்னத் தீச்சுடரில் எரியும்போது வரைபடத்தில் ஒரு மேடு எழுகிறது. வந்த நேரம் ஆளைச் சொல்லும். மேட்டின் பரப்பு அளவைச் சொல்லும்.

நல்லெண்ணெயில் பால்மிட்டிக் 8 முதல் 12 சதம். பாமோலினில் 40 சதம் பக்கம். மேலே சொன்ன கள்ளக் கலவை 14ஐத் தாண்டி மாட்டிக்கொள்ளும். கொஞ்சமாகக் கலந்தால் இந்த ஒரு எண் போதாது. மற்ற அமிலங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் எண்ணெய்க்கு 9.6, மற்றவையும் எள்ளுக்கு உரிய அளவிலேயே இருந்தன.

இந்தச் சீட்டு இயற்கை விவசாயமா, செக்கா என்று சொல்லாது. ரீபைண்டு நல்லெண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே மேடுகள்தான். “ஆர்கானிக் என்று நிரூபித்த ரிப்போர்ட்” என யாராவது நீட்டினால் நம்பாதீர்கள்.

அப்புறம் காறல் எங்கிருந்து வந்தது? தனித்து நிற்கும் கொழுப்பு அமிலத்தை வேறு சோதனையில் பார்க்கிறார்கள். ஆல்கஹாலில் கலந்த எண்ணெயில் பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிற்கும்வரை காரம் சொட்டுவது. அதில் என் எண்ணெய் எகிறிவிட்டது. தையில் மழை தூறியபோது சரியாகக் காயாத எள்ளைச் சாக்கில் கட்டிவைத்தவன் நான்தான்.

இரண்டு சீட்டையும் கடைக்காரருக்கு அனுப்பினேன். எண்ணெயை எடுத்துக்கொண்டார், லிட்டருக்கு 30 ரூபாய் குறைத்து.