காப்புரிமை முடியும் தேதி எது?

இமாடினிப் மாத்திரையின் காப்புரிமை என்றைக்கு முடிந்தது என்று கேட்டால் ஒரே தேதியைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மூன்று நான்கு தேதிகள் உண்டு. இந்தியாவிலோ முடிவதற்கு அப்படியொரு காப்புரிமையே இருந்ததில்லை.

நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் புரதம் வெள்ளணுக்களை ஓயாமல் பெருகவைக்கும். இமாடினிப் அந்தப் புரதத்தின் குழிவுக்குள் போய் உட்கார்ந்து அதன் வேலையை முடக்குகிறது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் இந்த மருந்துக்கு 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது.

காப்புரிமையின் 20 ஆண்டுக் கணக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே ஓடும். மருந்து கடைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. அமெரிக்காவில் இதற்கு 1993இல் விண்ணப்பித்தார்கள். விற்பனை தொடங்குமுன்பே எட்டு ஆண்டு போய்விட்டது. இதைக் கம்பெனிகள் குறையாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இழந்த காலத்தில் ஐந்து ஆண்டு வரை திருப்பித் தருகிறது. அதே சட்டம் ஜெனரிக், அதாவது அதே மருந்தின் நகல், தயாரிப்பவருக்கும் வழிவிட்டது: பெரிய சோதனைகளை மறுபடி நடத்த வேண்டாம், மருந்து ரத்தத்தில் ஏறும் அளவும் வேகமும் மூல மாத்திரையோடு ஒத்துப்போகின்றன என்று காட்டினால் போதும். அந்தச் சோதனையைக் காப்புரிமை உயிரோடு இருக்கும்போதே செய்து முடிக்கலாம்.

இப்படி நீட்டியதில் இமாடினிப் மூலக்கூறின் கெடு 2015 ஜனவரி ஆனது. குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியதற்குப் பரிசாக இன்னும் ஆறு மாதம், ஜூலை 4. அதோடும் விடவில்லை. அதே மருந்தின் ‘பீட்டா’ படிக வடிவத்துக்கு 2019 வரை தனிக் காப்புரிமை. அதை எதிர்த்து நின்ற சன் பார்மாவோடு சமரசம் ஏற்பட்டு, முதல் ஜெனரிக் 2016 பிப்ரவரி 1 அன்று வந்தது.

அந்தப் படிகம்தான் சென்னையில் சிக்கியது. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் மருந்தைத் தயாரிக்கும் முறைக்கே காப்புரிமை, மருந்துக்கு இல்லை. 2005இல் மருந்துக்கும் காப்புரிமை என்று நிலைமை மாறியபோது, பீட்டா படிகத்துக்காக 1998இல் நோவார்ட்டிஸ் போட்டிருந்த விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் காத்திருந்தது. 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. தெரிந்த பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, குணப்படுத்தும் திறன் கூட வேண்டும் என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி). அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது.

பீட்டா படிகம் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும், நன்றாகக் கொட்டும், நிலையாக இருக்கும். இவையெல்லாம் தொழிற்சாலைக்கு நல்லது. நோயாளிக்கு? வயிற்றில் கரைந்தபின் எந்தப் படிகமும் படிகமாக இருப்பதில்லையே! உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றும் நிறுவனம் வாதிட்டது. கூடுதலாகச் சேர்வதாலேயே நோய் கூடுதலாகக் குணமாகிவிடாது, அதற்குத் தனியாகச் சான்று வேண்டும் என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அப்போது நோவார்ட்டிஸ் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய ஜெனரிக் 10,000 ரூபாய்க்குள்.

அமெரிக்காவில் 2016க்குப் பிறகும் விலை அப்படிச் சரியவில்லை. காப்புரிமையை முதலில் எதிர்க்கும் ஜெனரிக் கம்பெனிக்கு அங்கே 180 நாள் தனிச் சலுகை உண்டு. அது முடியும்வரை அடுத்த ஜெனரிக் நுழைய முடியாது. கடையில் இரண்டே பேர் இருக்கும்போது, விலையைப் பெரிதாகக் குறைக்க இருவருக்கும் அவசரமில்லை.