பழைய ஜீப் வாங்குமுன் ஆர்.சி.யைப் படியுங்கள்

புதுத் ‘தார்’ ஜீப் வாங்கும் காசு எல்லாரிடமும் இல்லை. அதனால் பெங்களூரில் ஸ்ரீராம்புரம், ராஜாஜிநகர் பக்கம் காட்டுப்பாதையில் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பழைய மஹிந்திரா எம்.எம்.540-ஐயும் மாருதி ஜிப்ஸியையும் தேடிப் போகிறார்கள். நல்ல ஆசைதான். உதிரிபாகம் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், பழைய இன்ஜின் வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. வாங்கியவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆர்.சி.யில்தான்.

முதல் ஆபத்து, புரோக்கர் நீட்டுகிற ‘ஓப்பன் ஃபார்ம்’. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் பழைய ஓனர் கையெழுத்து இருக்கும். வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாக இருக்கும். அந்தக் காகிதத்தை வைத்தே வண்டி நாலைந்து கை மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பனை நடந்தால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. அப்பாவின் பழைய ஜீப்பை விற்றுவிட்டு மறந்துபோகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா காலமாகியிருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றுங்கள், பிறகு விற்பனையைப் பேசுங்கள்.

அடுத்தது, வண்டியே வேறாக இருப்பது. ஹரியானாவின் மண்டி டப்வாலி பட்டறைகள் ஜீப் கட்டுவதில் பேர்போனவை. பழைய பாகங்களைச் சேர்த்து ‘வில்லிஸ் மாடல்’ என்று புதிதாகக் கட்டிய வண்டிகள் அங்கிருந்து நாடெங்கும் போகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு வரும் ஆர்.சி. எந்த வண்டியுடையது என்று கேளுங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் புது வெல்டிங்கோ கெட்டியான பெயின்ட்டோ இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்ஜின் நம்பரையும் பாருங்கள். பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜினை மாட்டி, ஆர்.சி.யில் ஏற்றாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். மாற்றியது முந்தைய ஓனர்தான் என்று ரோட்டில் நிறுத்துகிற அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. முன்னால் மாட்டுகிற இரும்பு பம்பருக்கும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் வங்கிக் கடன், இன்சூரன்ஸ், ஆர்.சி. காலாவதித் தேதி தெரியும். திருட்டு வண்டியா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் பார்க்கலாம். திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்க இடமிருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு வாங்கியவர் மேலேயே பாயும்.

‘வின்டேஜ் வண்டி, தனிச் சலுகை உண்டு’ என்பதை நம்பாதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத வண்டிக்குத்தான் ‘வி.ஏ.’ நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் வேலைக்கு ஓட்டிப் போக முடியாது. மற்ற ஜீப்புகளுக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய நான்கு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். விலை பேசும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘அரசு ஏலத்தில் எடுத்தது’ என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. சில பாதுகாப்புப் பணி வண்டிகள் நீங்கலாக மற்றவை உடைப்புக்குத்தான் போக வேண்டும். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் ஜீப்புக்கும் காரணம் உண்டு: அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அங்கத்திய ஆர்.டி.ஓ. தந்த என்.ஓ.சி. கையில் இல்லாமல் லாரியில் ஏற்றச் சொல்லாதீர்கள். இங்கே பதிவை மாற்றும்போது கர்நாடக வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும்வரை ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். நல்ல ஓனர் இதற்குக் கோபப்பட மாட்டார். டீலர் மூலம் விற்கிறவர்கள் அவரிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்து, படிவம் 29சி கொடுத்து வண்டியை ஒப்படையுங்கள். பிறகு அந்த வண்டிக்கு டீலரே பொறுப்பு.

ஏமாந்துவிட்டால், டீலர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். தனி ஆள் ஏமாற்றியிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார், பணத்துக்கு சிவில் வழக்கு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்ஆப் பேச்சும் இரண்டுக்கும் உதவும், அவற்றை அழிக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம்.